இனியாவின் இழுப்பு மருந்து

திங்கட்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஆலங்குடியில் ஒரு வீட்டு வாசலில் மின்சார மீட்டரைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளித் தலைமையாசிரியர் மரியசெல்வம் போனில் கூப்பிட்டார்.

“சார், இனியாவுக்கு வீசிங் அடங்க மாட்டேங்குது. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க.”

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஆம்புலன்ஸ் பின்னால் வந்தது. சைரன் சத்தம் இல்லாமல் வந்தது.

என் மகளுக்கு வயது பதினொன்று. ஆறாம் வகுப்பு. உதடுகள் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்து முழுக்கச் சிவப்புத் தடிப்பு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கடலை ஏதாவது சாப்பிட்டாளா?”

எங்கள் பக்கம் நிலக்கடலையும் முந்திரியும் விளைகிற பூமி. அறுவடைக் காலத்தில் தெருவெல்லாம் கடலை காயும். அந்த ஊரில் பிறந்தவளுக்குக் கடலை ஆகாது. நான்கு வயதில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்து முகம் வீங்கிப்போக, திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்துமாவும் இருப்பதால் அடுத்த முறை தாங்கமாட்டாள் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு கடலைகூட நுழைந்ததில்லை. சமையலுக்குச் சூரியகாந்தி எண்ணெய். கல்யாண வீடுகளுக்கு அவளுக்கென்று தனிச் சாப்பாடு. பள்ளியில் ஆயுத பூஜைக்குப் பொரியோடு நிலக்கடலையும் கலந்து கொடுப்பார்கள் என்பதால், விடுமுறைக்கு முந்தைய நாள் அவளை அனுப்புவதே இல்லை. தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் ஓர் இன்ஹேலரையும், அதை மாட்டி உறிஞ்சுகிற ஸ்பேசரையும் கொடுத்து வைத்திருந்தேன். ஸ்பேசர் என்பது ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் மருந்தை அடித்தால் மறுமுனையில் பிள்ளை நிதானமாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் கடலை அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. எப்படி என்பதுதான் கேள்வி.

அதைக் கேட்க வந்தவர் எஸ்.ஐ. பரிமளா. விராலிமலைப் பக்கத்துக்காரர். எதையும் இரண்டு முறை கேட்பார். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் எழுதிக்கொள்வார். பிணவறைக்கு வெளியே என்னை உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலிதீன் பையைத் திறந்தார். தோடு, தலைக்கயிறு, நீல நிற இன்ஹேலர், குழாய்.

“இது ஒங்க புள்ளையோடதுதானே சார்?”

“ஆமாங்க. ஸ்கூல்ல குடுத்து வச்சிருந்தது.”

இன்ஹேலரின் மேல்பக்கம் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

“இது என்ன கறை?”

“சாம்பார் பட்டிருக்கும்.”

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பைக்குள் வைத்துக் கட்டினார்.

“காலையிலேருந்து என்ன சாப்பிட்டா?”

“வீட்ல இட்லி. மதியத்துக்குத் தயிர்சாதமும் உருளைக்கெழங்கும் என் வீட்ல கட்டிக் குடுத்தாங்க. ஸ்கூல்ல முட்டை மட்டும் வாங்கிக்குவா.”

“முட்டை யாரு குடுக்குறது?”

பதில் என் பின்னாலிருந்து வந்தது. என் மனைவி அருணா.

“அந்தச் செவந்திதான். ஞாயித்துக்கெழமையெல்லாம் வாசல்ல உக்காந்து கடலை ஒடைப்பா. அந்தக் கையோட எம்புள்ளைக்கு முட்டை குடுத்திருக்கா. வேற எங்கிட்டிருந்து வரும் கடலை? சொல்லுங்க, எங்கிட்டிருந்து வரும்?”

செவந்தி பள்ளியின் சத்துணவுச் சமையலர். அவள் மகளும் இனியாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. செவந்தி, அவள் மகள் இருவருடைய பெயரையும் மாற்றி எழுதுகிறேன். மகளைச் சத்யா என்று வைத்துக்கொள்வோம்.

செவ்வாய்க்கிழமை காலை இனியாவை அடக்கம் செய்தோம். அது முடிந்த கையோடு எங்கள் சொந்தக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். செவந்தியைக் கைது செய்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். பஸ்கள் வரிசையாக நின்றன. அவள் எந்தத் தெருக்காரி என்பதும் அந்தக் கூச்சலில் சேர்ந்துகொண்டது. மதியத்துக்குள் செவந்தியை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். வெளியே விட்டிருந்தால் அவள் கூரை எரிந்திருக்கும்.

என் கையெழுத்துக்காக என்னையும் அழைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே பரிமளா செவந்தியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

“இனியாவுக்குக் கடலை ஆகாதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“ஊருக்கே தெரியும் மேடம்.”

“ஞாயித்துக்கெழமை என்ன வேல பாத்த?”



“கடலை ஒடைச்சேன். கமிசன் கடையில மூட்டையை எறக்கிட்டுப் போவாக. ஒடைச்சுக் குடுத்தா கூலி.”

“அந்தக் கையோட திங்கக்கெழமை முட்டை உரிச்சுக் குடுத்த.”

“இல்ல மேடம். தலைக்குக் குளிச்சு, வேற சேலை மாத்திட்டுத்தான் சமையலுக்குப் போவேன். முட்டையை நான் உரிக்கவும் இல்ல. அந்தப் புள்ள தோலோட வாங்கிட்டுப் போயி, குழாயில கழுவி அதுவே உரிச்சுக்கும். அவுக அம்மா அப்படித்தான் சொல்லி விட்டுருக்காக.”

“நல்லாக் கதை விடுற” என்று ஒரு ஏட்டு குறுக்கே பேசினார். பரிமளா அவர் பக்கம் திரும்பாமலே, “ஏட்டய்யா, டீ சொல்லிட்டு வாங்க” என்றார். அவர் வெளியே போனபின் மறுபடி கேட்டார்.

“கடலை ஒடைக்கிறது இந்த ஞாயிறு மட்டுமா?”

“சீசன் முழுக்க எல்லா ஞாயிறும் அதான் மேடம்.”

“எல்லாத் திங்களும் அந்தப் புள்ளைக்கு முட்டை குடுத்த?”

“குடுத்தேன். தெனமும் குடுத்தேன். எம்மவளுக்குக் குடுக்குறப்ப ஒடைஞ்சது போச்சுன்னு குடுப்பேன், அதுக்கு நல்லதாப் பாத்துக் குடுப்பேன். ஒருநாளும் ஒண்ணும் ஆனதில்ல மேடம்.”

இப்போதுதான் அவர் எழுதினார்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “சார், இவங்க கையில கடலை இருந்தா போன திங்கக்கெழமைகள்லயும் இருந்திருக்கணும். இந்தத் திங்கக்கெழமையில மட்டும் என்ன புதுசு?”

“பத்து நாள் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்தாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க.”

“நாளைக்குக் காலையில வாங்க. ஸ்கூலைப் பாத்துட்டு வருவோம்.”

புதன்கிழமை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மரியசெல்வம் சார் முகம் மழிக்காமல் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“என்ன நடந்துச்சோ அதை வரிசையாச் சொல்லுங்க சார்” என்றார் பரிமளா.

“சாப்பாடு முடிஞ்சு பிள்ளைங்க வெளையாடிட்டிருந்தாங்க. சத்யா ஓடி வந்தா, ‘சார், இனியாவுக்கு இழுக்குது’ன்னா. நான் ட்ராயரைத் தொறந்து மருந்தைக் குடுத்தேன். வழக்கமா ரெண்டு தடவை அடிச்சா அடங்கிரும். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டுப் போனப்ப முகமே மாறிப்போச்சு. மறுபடி மறுபடி அடிச்சோம். நானும் அடிச்சேன் மேடம்.”

“மருந்து காலாவதி ஆயிருச்சா?”

“இல்ல. நானே தேதி பாப்பேன்.”

“இந்த ட்ராயரை யாரெல்லாம் தொறப்பாங்க?”

“நான் மட்டும்தான். சாவி எங்கிட்ட.”

“எப்பவுமே?”

“எப்பவுமே.” சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தார். “பூஜை அன்னைக்கு ஒருதடவை பிள்ளைங்ககிட்டக் குடுத்தேன். மணி அடிக்கிற கட்டை, ஸ்டாம்ப், சாக்பீஸ் டப்பா எல்லாம் சாமிகிட்ட வைக்கணும்னாங்க. எனக்குத் தாலுகா ஆபீஸ்ல மீட்டிங். குடுத்துட்டுப் போயிட்டேன். மறுநாள்லேருந்து லீவு.”

பரிமளா அந்த இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். ஸ்டாம்பின் மரப்பிடியில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். சாக்பீஸ் டப்பாவிலும் அதே. ஸ்டேப்லரிலும் அதே. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

“அந்தச் சத்யாப் பொண்ணு எங்க?”

அம்மா ஸ்டேஷனில் இருந்ததால் சத்யா கணக்கு டீச்சரின் வீட்டில் இருந்தாள். டீச்சர் அவளைப் பள்ளிக்குக் கூட்டிவந்தார். அவள் என்னைப் பார்த்ததும் டீச்சரின் கையை விட்டுவிட்டு என் பக்கம் வந்து நின்றாள். இனியாவின் பழைய பாவாடையைத்தான் உடுத்தியிருந்தாள். அருணா போன பொங்கலுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தது.

பரிமளா வகுப்பறைப் படியில் உட்கார்ந்து அவளையும் உட்கார வைத்தார்.

“இனியா ஒனக்கு ரொம்ப ஃப்ரெண்டா பாப்பா?”

“ம்.”

“அன்னைக்கு முட்டையை யாரு உரிச்சா?”

“அவதான். நான் கேட்டாலும் குடுக்க மாட்டா. ஒன் கை பட்டா நான் செத்துருவேன், ஒனக்குப் பரவாயில்லயான்னு கேப்பா. வெளையாட்டுக்குத்தான்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். “வெளையாட்டுக்குத்தான் இனியாப்பா.”

“சாப்பிட்ட ஒடனே ஏதாவது பண்ணுச்சா அவளுக்கு?”

“இல்ல. சாப்புட்டு கோகோ வெளாண்டோம். லீவுல யாரும் கூட்டாததால ஒரே புழுதி. அதுலதான் அவளுக்கு இழுத்துச்சு. நான் போயி நாதஸ்வரத்தை வாங்கியாந்தேன்.”

“நாதஸ்வரமா?”

“அந்தக் குழாய்தான். அவ வாயில வச்சா, கச்சேரி ஆரம்பிச்சுருச்சுடான்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க. அவளும் ஊதுற மாதிரியே நடிச்சுக் காட்டுவா. எப்படி அடிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. நல்லா ஆட்டணும், மாட்டணும், அமுக்கணும். நான்தான் அமுக்குனேன்.”

“அமுக்குனதும்?”

“நாக்கு அரிக்குதுடின்னா. தொண்டையும் அரிக்குதுன்னா. நான் இன்னொருக்கா அடிச்சேன். ஒதடு தடிச்சுருச்சு.”

பரிமளா இதையும் இரண்டாவது முறை கேட்டார். முட்டைக்குப் பிறகா, மருந்துக்குப் பிறகா? சத்யா சற்றும் யோசிக்காமல் சொன்னாள். மருந்துக்குப் பிறகு.

“பூஜைக்கு நீ என்ன பாப்பா வச்ச?”

“கணக்குப் புக்கு, காம்பஸ் பாக்ஸ். அப்புறம் இனியாவுக்காக அவ நாதஸ்வரமும் மருந்தும்.”

“அவளோடது எதுக்கு?”

“அன்னைக்கு அவ வரலையே. எல்லாரும் அவங்கவங்க சாமானை வச்சாங்க. அவளுது மட்டும் ஒண்ணுமே இல்ல. ட்ராயர்ல பாத்தேன், இதான் அவளுது. சாமிகிட்ட வச்சா வீசிங் வராதுல்ல. பொட்டெல்லாம் வச்சேன். அந்தக் குழாய் டேபிள்ல நிக்காம உருண்டுக்கிட்டே இருந்துச்சு. அதான் பொரித் தட்டுல குத்தி வச்சேன். அப்பறம் நல்லாத் தட்டித் தொடைச்சுத்தான் உள்ள வச்சேன்.”

பரிமளா பேனாவை மூடினார்.

“எங்க அம்மாவை எப்ப மேடம் விடுவீங்க?” என்று சத்யா கேட்டாள். “முட்டை குடுத்தது தப்பா?”

“தப்பில்ல பாப்பா. நீ டீச்சரோட போ.”

அவள் போகும்வரை காத்திருந்தார். பிறகு ஜீப்பிலிருந்து அந்தப் பையை எடுத்துவந்தார். கைக்குட்டையால் குழாயைப் பிடித்து வெயிலுக்கு நேராக உயர்த்தினார். உள்ளே, வாய் வைக்கும் முனையில், மூச்சை ஒருபக்கம் மட்டும் விடுகிற மெல்லிய ரப்பர் வில்லை உண்டு. அதன் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு சருகு ஒட்டியிருந்தது. கடலைத் தோல். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதை அடையாளம் காட்டத் தேவையில்லை. குழாயின் உட்சுவர் முழுக்க லேசான தூள் படிந்திருந்தது.

“எல்லாரும் என்ன சாப்பிட்டான்னே தேடுனோம் சார். நானும்தான். வாய் வழியாப் போறது சாப்பாடு மட்டும்னு நெனச்சுட்டோம். புழுதியில வந்தது சாதாரண வீசிங். ரெண்டு பஃப்ல அடங்கியிருக்கும். நாக்கு அரிச்சது மருந்து அடிச்ச பெறகு. அப்ப மருந்தோடதான் ஏதோ போயிருக்கு. நீங்க சாம்பார்னு சொன்னது சந்தனம். அன்னைக்கே வாசம் தெரிஞ்சுச்சு. மருந்துக்கு ஏன் பொட்டுன்னுதான் தெரியல. ஸ்டாம்பைப் பாத்ததும் தெரிஞ்சுச்சு. பொரியோட கடலையும் கலந்துருக்கும். அந்தத் தூளைத்தான் ஒவ்வொரு அமுக்குக்கும் ஒங்க புள்ளையோட நெஞ்சுக்குள்ள தள்ளியிருக்காங்க. காப்பாத்துறோம்னு நெனச்சு அடிக்க அடிக்க, அதையேதான் செஞ்சிருக்காங்க.”

நான் சத்யா போன பக்கம் பார்த்தேன். “அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருந்தா இப்படி ஒளிக்காமச் சொல்லியிருக்குமா?”

கடலையிலிருந்து காப்பாற்றத்தான் அன்று இனியாவை வீட்டில் நிறுத்தினோம். அவள் வராத நாளில் அவளுக்காக ஒருத்தி வேண்டிக்கொண்டாள். இதில் யாரை அடிப்பது? நான் யாரையாவது அடிக்க வேண்டும் என்று மூன்று நாளாக என் கைகள் காத்திருந்தன.

ஸ்டேஷனில் செவந்தியை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. பரிமளா குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். “ஒம் மேல தப்பில்லம்மா. வீட்டுக்குப் போகலாம்” என்று முடித்தார்.

செவந்தி கடைசிவரை கேட்டாள். பிறகு தெளிவாகப் பேசினாள்.

“நான்தான் மேடம். கையைக் கழுவல. கடலை ஒடைச்ச கையோட முட்டையை உரிச்சுக் குடுத்தேன். எழுதிக்கங்க.”

“ஏம்மா, பொய் வாக்குமூலத்தை வச்சு நான் என்ன பண்றது? சின்னப் புள்ள அது. அறியாம நடந்துச்சு. அது மேல ஒரு கேசும் வராது.”

“கேசுக்குப் பயந்து சொல்லல மேடம். அவளுக்குத் தெரியக்கூடாது. நீங்க எழுதுனா நாளைக்கே ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா ஸ்கூல் பசங்களுக்குத் தெரியும். யாராவது ஒருத்தன் அவ மூஞ்சிக்கு நேரா கேப்பான், நீதான அமுக்குனேன்னு.” என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடமாக என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். “சார், ஒங்க புள்ள போயிருச்சு. எம்புள்ளைய விட்டுருங்க.”

பரிமளா என்னைப் பார்த்தார். “இழந்தது நீங்க சார். குழாய்ல கடலைத்தூள் இருந்துச்சு, அதை நான் மறைக்க முடியாது. அது எப்படிப் போச்சுங்கிறதுக்கு ஒரு புள்ளையோட பேச்சைத் தவிர சாட்சி இல்ல. நீங்க சொன்னா எழுதுறேன்.”

“எழுதாதீங்க.”

“எழுதலேன்னா ஊரு இவங்களைத்தான் சொல்லும்.”

“சொல்லட்டும் மேடம்” என்றாள் செவந்தி.

குழாயைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். நிலக்கடலைத் துகள் இருப்பது உறுதியானது. அது வந்த வழிக்குச் சாட்சியம் இல்லை, எவர்மீதும் குற்றம் நிரூபிக்க இடமில்லை என்று அறிக்கை முடிந்தது. ஊர் அதைத் தன் வசதிக்குப் படித்துக்கொண்டது. கடலை உடைக்கிறவள் பள்ளிக்கூடத்தில் குழாயைத் தொட்டிருக்கிறாள், போலீசுக்குச் சாட்சி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சத்துணவு வேலை போயிற்று. கமிசன் கடைக்காரர் மூட்டை இறக்குவதை நிறுத்தினார். அவளிடம் மளிகைக் கடையில்கூட யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அருணாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் நேரே அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நின்றிருப்பாள். ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது செவந்தியின் பெயரைச் சொல்லிச் சபித்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவளுக்கு அன்று பிடித்துக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான் என்றும் நினைத்தேன்.

தை பிறந்ததும் செவந்தி திருப்பூருக்குக் கிளம்புகிறாள் என்று சேதி வந்தது. பனியன் கம்பெனியில் வேலை. அருணா கேட்டுவிட்டு அப்படியே எழுந்து நடந்தாள். நான் பின்னால் போனேன்.

பஸ் ஸ்டாப்பில் பஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. இரண்டு பைகள், ஒரு அரிசிச் சாக்கு. சத்யா எங்களைப் பார்த்துவிட்டு, “இனியாம்மா!” என்று படியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லத்தான் வந்திருப்பாள். அருணா குனிந்து ரோட்டோர மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள்.

“நாசமாப் போயிருவீங்க. எம்புள்ளையைத் தின்ன நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க.”

முதல் வீச்சு செவந்தியின் முகத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. ஓடிவந்து முந்தானையால் சத்யாவின் தலையை மூடி, தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

முந்தானைக்குள்ளிருந்து சத்யா கத்தினாள். “எங்க அம்மா ஒண்ணும் பண்ணல இனியாம்மா! சத்தியமா ஒண்ணும் பண்ணல! இனியாப்பா, நீங்க சொல்லுங்க!”

செவந்தி என்னைப் பார்த்தாள். தலையை மிக லேசாக அசைத்தாள். வேண்டாம் என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ஏறினார்கள். பஸ் கிளம்பியது. அருணா மறுபடியும் குனிந்து மண்ணை அள்ளினாள்.